மருந்து தந்த சோகை

1998 முதல் 2013 வரை, ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள், ஹெபடைடிஸ் சி என்னும் கல்லீரல் அழற்சிக்கு உலகெங்கும் ஒரே சிகிச்சைதான் இருந்தது. வாரந்தோறும் இண்டர்பெரான் ஊசி, நாள்தோறும் ரிபாவிரின் மாத்திரை. இவற்றுள் மாத்திரை வைரஸை அடக்கத் துணை செய்தது. கூடவே நோயாளியின் சிவப்பணுக்களையும் உடைத்தது. உடைந்ததை ஈடுசெய்ய மூன்றாவதாக ஒரு மருந்து வந்தது. அதன் பெயர் எரித்ரோபாய்டின். மருத்துவமனைக்கு வாரம் ஒருமுறை வந்துபோக முடியாதவர்கள் அதைத் தம் வீட்டில், தம் கையால், தம் வயிற்றுத் தோலில் செலுத்திக்கொண்டார்கள்.

மருத்துவ வரலாற்று நூல்களில் இது இரண்டு வரிகளில் முடிந்துவிடும் செய்தி. வைரஸைக் கண்டறிந்தவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. புதிய மாத்திரை வந்தது. பழைய ஊசி மறைந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே அட்டப்பாடியும் தெற்கே இடுக்கி மலைகளும் கொண்ட தமிழக - கேரள எல்லைநிலத்திலிருந்து பார்த்தால் இதே வரலாறு வேறொரு முகம் காட்டுகிறது. கேரளத்தில் ஹெபடைடிஸ் சி பெருமளவில் பரவிய நோயன்று. இந்தியாவில் அதன் பெருஞ்சுமையைத் தாங்கியது பஞ்சாப். ஆனால், குருதி குன்றிய உடல்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் மலைகள் இவை. குருதியை உடைக்கும் மருந்து ஒன்று ‘தரமான சிகிச்சை’ என்று அறிவிக்கப்பட்டபோது அத்தரம் யாருடைய உடலை அளவுகோலாகக் கொண்டிருந்தது என்னும் கேள்வியை இம்மலைகளிலிருந்து கேட்பது பொருத்தமானது.

சொற்களிலிருந்து தொடங்கலாம். தமிழில் இந்நோய் இரத்தசோகை. மலையாளத்தில் ‘விளர்ச்ச’. விளர்த்தல் என்றால் வெளிறுதல் என்பது பழந்தமிழ்ப் பொருள்; தமிழ் பேச்சுவழக்கில் கைவிட்ட வேர்ச்சொல்லை மலையாளம் நோயின் பெயராக்கி வைத்திருக்கிறது. சித்த மருத்துவத்தில் அதற்குப் பாண்டு என்று பெயர். மருந்துகளின் பயனைக் கூறும் இடங்களில் பாண்டுவும் காமாலையும் பெரும்பாலும் அடுத்தடுத்தே நிற்கும். கரிசலாங்கண்ணி இரண்டுக்கும் சொல்லப்படும் மூலிகை. கல்லீரல் கெட்டால் குருதி கெடும், குருதி கெட்டால் உடல் வெளிறும் என்னும் பட்டறிவு இந்த வைப்புமுறையில் இருக்கிறது. எனினும், காமாலைக்குக் கொடுக்கும் மருந்தே பாண்டுவை உண்டாக்கும் என்னும் நிலை அம்மரபு எண்ணிப் பாராதது. அது இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்கே உரிய புதுமை.

இம்மலைகளின் சோகைக்குப் பல அடுக்குகள் உண்டு. 1877இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். அதற்குப் பின் வந்த பத்தாண்டுகளில் மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் வழியாகத் தொழிலாளர் மலையேறினர். மலையேறும் வழியிலும் அடிவாரக் காடுகளிலும் மலேரியா காத்திருந்தது. 1887 முதல் 1895 வரை நடந்த பெரியாறு அணைக் கட்டுமானத்தில் மாண்டவர்களில் பலர் காய்ச்சலுக்கே பலியாயினர். மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி அதை வெடிக்கச் செய்வது. மீண்டும் மீண்டும் காய்ச்சல் கண்டவர் உயிர் பிழைத்தாலும் குருதி குன்றியே பிழைத்தார். லயங்களில் அடுத்த எதிரி கொக்கிப்புழு. ஒரு புழு நாளொன்றுக்குக் குடிப்பது ஒரு துளிக்கும் குறைவு. வெறுங்காலுடன் ஈரமண்ணில் நிற்பவரின் குடலில் அவை நூற்றுக்கணக்கில் சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது. இலங்கைத் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளரிடையே 1916இலேயே ராக்பெல்லர் அறக்கட்டளை கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியதற்குக் காரணம் மனிதநேயம் மட்டுமன்று. சோகை பிடித்த கை கொழுந்து குறைவாகப் பறிக்கும் என்பதைத் துரைமார் கணக்கேட்டில் கண்டிருந்தனர்.

அட்டப்பாடியின் சோகை இவற்றினும் பழையது. 1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இருவரும் நீலகிரிப் பழங்குடிகளின் குருதியை ஆராய்ந்து, அவர்களிடையே அரிவாள் வடிவச் சிவப்பணுக்கான மரபுக்கூறு இருப்பதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். இருளரிடையே அது மிகுதியாகக் காணப்பட்டது. ஆப்பிரிக்க வழியினருக்கே உரியதென்று அதுவரை கருதப்பட்ட நோய் அது. அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையேயும் அது கண்டறியப்பட்டது. நீலகிரிச் சரிவிலிருந்து பவானி ஆற்றைக் கடந்தால் அட்டப்பாடி. இருளர் இரு பக்கத்திலும் வாழ்கின்றனர், மாநில எல்லை அவர்களுக்குப் பின்னால் வந்தது. முதுகர், குறும்பர் ஆகியோரும் சேர்ந்து வாழும் அட்டப்பாடி ஊர்களில் அந்நோய்க்கு இன்று வழங்கும் பெயர் ‘அரிவாள் ரோகம்’. அரிவாள் என்னும் கருவியை அறியாத பழங்குடி இல்லை. மருத்துவமனை தந்த பெயர்களில் விளக்கம் தேவைப்படாத ஒரே பெயர் இதுவாகத்தான் இருக்கும்.

1954இல் ஆண்டனி அலிசன் ஆப்பிரிக்காவில் செய்த ஆய்வு இவ்விரு அடுக்குகளையும் இணைத்தது. அரிவாள் மரபுக்கூற்றைத் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவரை மலேரியா எளிதில் கொல்வதில்லை. இருவரிடமிருந்தும் பெற்றவருக்கு அது நோயாகிறது. காய்ச்சற்காட்டில் வாழ்ந்ததற்கு இம்மக்கள் கொடுத்த விலை அவர்களின் குருதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இந்த நோயில் முறிந்த வடிவம் கொண்ட சிவப்பணு 120 நாள் வாழ்வதில்லை. இருபது நாள்களுக்குள் அழிகிறது. நிலை மோசமாகும்போது வெளியிலிருந்து இரத்தம் ஏற்றப்படுகிறது. தலசீமியா நோயாளிகளுக்கோ வாழ்நாள் முழுதும் இரத்தம் ஏற்றவேண்டும். இங்குதான் ஹெபடைடிஸ் சி கதைக்குள் வருகிறது. இந்தியாவில் தானமாகப் பெறும் குருதியை இந்த வைரஸுக்காகப் பரிசோதிப்பது 2000களின் தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு பையும் ஒரு சூதாட்டம். அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொண்டவர் அந்தச் சூதாட்டத்தை அடிக்கடி ஆடியவர்.

1989ஆம் ஆண்டில் இரண்டு செய்திகள் ஒன்றை ஒன்று அறியாமல் வெளிவந்தன. ஏப்ரலில் மைக்கேல் ஹௌட்டன், குயி-லிம் சூ, ஜார்ஜ் குவோ ஆகியோர் அடங்கிய குழு, அதுவரை ‘ஏயும் அல்ல, பியும் அல்ல’ என்று எதிர்மறையாகவே அழைக்கப்பட்ட கல்லீரல் அழற்சியின் வைரஸை அடையாளம் கண்டு சயின்ஸ் இதழில் வெளியிட்டது. ஜூன் 1 அன்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எரித்ரோபாய்டின் ஊசிக்கு ஒப்புதல் அளித்தது. அது சிறுநீரகம் செயலிழந்தோரின் சோகைக்கான ஒப்புதல். பத்தாண்டு கழித்து இவ்விரண்டும் ஒரே நோயாளியின் குளிர்பதனப் பெட்டிக்குள் சந்திக்கும் என்று அன்று எவரும் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

எரித்ரோபாய்டினின் கதை தனித்துச் சொல்லத்தக்கது. 1906இல் பாரிஸில் பால் கார்னோவும் குளோடில்டு டிஃப்ளாந்திரும் இரத்தம் வடித்த முயலின் சீரத்தை மற்றொரு முயலுக்குச் செலுத்தி, அதன் சிவப்பணுக்கள் பெருகியதாக அறிவித்தனர். குருதி குறையும்போது உடல் ஏதோ ஒரு செய்தியை அனுப்புகிறது என்பது அவர்களின் கருத்து. பலர் அதைத் திரும்பச் செய்து பார்த்துத் தோற்றனர். 1948இல் பின்லாந்தில் அதற்கு எரித்ரோபாய்டின் என்று பெயர் சூட்டப்பட்டது. பொருளைக் கையில் பிடிப்பதற்கு முன்பே பெயர் வந்துவிட்டது. 1957இல் சிகாகோவில் லியோன் ஜேக்கப்சனும் யூஜின் கோல்ட்வாசரும் அச்செய்தியை அனுப்புவது சிறுநீரகமே என்று காட்டினர். அதைப் பிரித்தெடுக்க கோல்ட்வாசர் மேலும் இருபது ஆண்டுகள் உழைத்தார். சோகை உண்டாக்கிய செம்மறியாடுகளின் குருதியிலிருந்து முயன்றார், கிடைத்தது போதவில்லை.

விடை ஜப்பானிலிருந்து வந்தது. குமமோட்டோவைச் சேர்ந்த மருத்துவர் தகாஜி மியாகே, எலும்பு மச்சை செயலிழந்து கடுஞ்சோகைக்கு ஆளான நோயாளிகளின் சிறுநீரைச் சேகரித்து வந்தார். அவர்களின் உடல் சிவப்பணு கேட்டு ஓயாமல் குரல் எழுப்பும். கேட்க மச்சை இல்லாததால் அச்செய்தி சிறுநீரில் வழிந்துபோகும். 2,550 லிட்டர் சிறுநீரை உலர்த்திப் பொட்டலமாக்கி, துணியில் முடிந்து, 1975இல் அவர் சிகாகோவுக்குக் கொண்டுவந்தார். 1977இல் மியாகே, குங், கோல்ட்வாசர் மூவரும் தூய எரித்ரோபாய்டினைப் பிரித்த செய்தியை வெளியிட்டனர். கிடைத்தது சில மில்லிகிராம். பெயர் அறியப்படாத அந்த ஜப்பானிய நோயாளிகளுக்கு இம்மருந்தால் எப்பயனும் இல்லை. அவர்களின் உடலில் அது ஏற்கெனவே மிகுதியாக இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் காப்புரிமை பெறவில்லை. அம்ஜென் நிறுவனத்தில் பணியாற்றிய தைவான் நாட்டவரான ஃபூ-குவென் லின் 1983இல் அதற்குரிய மரபணுவைப் பிரித்தெடுத்தார். அதன் பின் அந்நிறுவனம் ஈட்டியது உயிரித் தொழில்நுட்ப வரலாற்றின் பெருஞ்செல்வங்களுள் ஒன்று.

கல்லீரல் பக்கம் வளர்ச்சி மெதுவாகவே நடந்தது. வைரஸுக்குப் பெயர் கிடைப்பதற்கு மூன்றாண்டு முன்பே, 1986இல், ஜே ஹூஃப்நேகில் பத்து நோயாளிகளுக்கு இண்டர்பெரான் கொடுத்துப் பயன் கண்டிருந்தார். தனியாக அது சிலரையே குணமாக்கியது. 1970களின் தொடக்கத்தில் உருவாகி, உரிய நோய் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்த ரிபாவிரினை அதனுடன் சேர்த்தபோது முடிவு மாறியது. 1998இல் வெளியான பெருஞ்சோதனைகளில், 48 வாரச் சிகிச்சைக்குப் பின் ஏறத்தாழ பத்தில் நால்வர் குணமாயினர். இண்டர்பெரான் மட்டும் பெற்றோரைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல்.

ரிபாவிரின் சிவப்பணுவை உடைக்கும் முறை எளியது, கொடியதும்கூட. பிற அணுக்களுக்குள் நுழையும் ரிபாவிரின் மாற்றமடைந்து மீண்டும் வெளியேறிவிடும். சிவப்பணுவுக்குள் நுழைந்தால் வெளியேற வழியில்லை. அதைத் திரும்ப மாற்றும் நொதி அங்கில்லை. மருந்து அங்கேயே குவிந்து, அணுவின் ஆற்றல் சேமிப்பைக் கரைத்து, சவ்வைக் கெடுக்கிறது. கெட்ட அணுவை உடல் அகற்றிவிடுகிறது. முதல் நான்கு வாரங்களிலேயே ஹீமோகுளோபின் இரண்டு அல்லது மூன்று கிராம் இறங்கிவிடும். அதே நேரத்தில் இண்டர்பெரான் மச்சையின் உற்பத்தியை அடக்குவதால் ஈடுசெய்யவும் ஆளில்லை. பத்துக்குக் கீழே போனால் ரிபாவிரினைக் குறைக்க வேண்டும், 8.5க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும் என்பது விதி. குறைத்தால் வைரஸ் மீளலாம்; குறைக்காவிட்டால் மூச்சுத் திணறும்; படியேற முடியாது. அந்த இடுக்கில்தான் எரித்ரோபாய்டின் நுழைந்தது. 2004இல் நெஜாம் அஃப்தால் தலைமையிலான குழு 185 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், வாரம் 40,000 அலகு எரித்ரோபாய்டின் பெற்றவர்களில் 88 விழுக்காட்டினர் ரிபாவிரின் அளவைக் குறைக்காமல் தொடர்ந்தனர். போலி ஊசி பெற்றோரில் 60 விழுக்காட்டினரே அவ்வாறு தொடர முடிந்தது. இந்தப் பயன்பாட்டுக்கு அமெரிக்காவில் முறையான ஒப்புதல் என்றும் வழங்கப்படவில்லை. மருத்துவர்கள் தம் பொறுப்பில் எழுதிக்கொடுத்தனர்.

ஊசி வீட்டுக்கு வந்தது இவ்வாறுதான். தமிழின் வினையமைப்பில் இங்கு ஒரு வியப்பு இருக்கிறது. ‘அவர் ஊசி போட்டுக்கொண்டார்’ என்னும் தொடரில் ஊசியைப் பிடித்த கை யாருடையது என்பது தெரியாது. செவிலியர் போட்டாலும் அதே தொடர். தானே போட்டாலும் அதே தொடர். ‘கொள்’ என்னும் துணைவினை பயன் யாருக்கு என்பதை மட்டும் சொல்லும், செய்தவர் யார் என்பதை மறைத்துவிடும். மலையாளத்தில் ஊசி போடுதலுக்குக் ‘குத்திவைப்பு’ என்று பெயர். குத்துபவர் ஒருவர், குத்தப்படுபவர் ஒருவர் என்னும் காட்சி அச்சொல்லிலேயே இருக்கிறது. நோயாளியே குத்துபவராகவும் ஆவது இரு மொழிகளுக்கும் புதிய நிலை. நீரிழிவு நோயாளிகள் இன்சுலினால் அதை முன்பே பழகியிருந்தனர் என்பது உண்மை. ஆனால், இன்சுலின் ஊசியைப் போட்டவர் தெம்பு பெறுவார். இண்டர்பெரான் ஊசியைப் போட்டவருக்குச் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும். அதனால் பலர் வார இறுதிக்கு முந்தைய இரவைத் தேர்ந்தெடுத்தனர். தனக்குக் காய்ச்சல் தரும் ஊசியைத் தானே போட்டுக்கொள்வதற்கு வேண்டிய மனவுறுதியை எந்த மருந்துச் சீட்டும் கேட்டுப் பெறுவதில்லை.

எரித்ரோபாய்டின் கேட்டவை பிற. அதை 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வைக்கவேண்டும், உறையவும் கூடாது. குப்பியைக் குலுக்கக் கூடாது. குலுக்கினால் புரதம் கெடும். போடுவதற்குச் சற்று முன் வெளியில் எடுத்து வைத்து, தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் விட்டு, தோலைக் கிள்ளிப் பிடித்துச் செலுத்தவேண்டும். வாரந்தோறும் இடம் மாற்றவேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். குப்பி தொழிற்சாலையிலிருந்து மருந்துக்கடை வரை குளிரிலேயே வரும். அதற்குப் பிறகான தொலைவு நோயாளியின் பொறுப்பு. கோவையில் வாங்கிய குப்பியை ஆனைக்கட்டி வழியாக அகளிக்கு மேலுள்ள ஊருக்குக் கொண்டுபோவதும், தேனியில் வாங்கியதைப் போடிமெட்டு வளைவுகளில் ஏறி மூணாறு லயத்துக்குக் கொண்டுபோவதும் பேருந்தில் பனிக்கட்டிப் பெட்டியுடன் செய்யவேண்டிய பயணங்கள். வளைவுதோறும் குலுங்கும் பேருந்தில் குப்பியைக் குலுக்காதே என்னும் அறிவுரைக்கு என்ன பொருள் என்பதைக் கையேடு எழுதியவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள். மின்சாரம் நின்றால், மழைக்காலத்தில் மலையில் அது அடிக்கடி நிற்கும், குளிர்பதனப் பெட்டி வெறும் இரும்புப் பெட்டி.

இந்த எச்சரிக்கைகள் வெறும் சடங்கல்ல என்பதற்கு ஐரோப்பாவில் கடுமையான சான்று கிடைத்தது. 2002இல் பாரிஸைச் சேர்ந்த நிக்கோல் கசாதவால் குழு, எரித்ரோபாய்டின் பெற்ற 13 நோயாளிகளின் உடல் அம்மருந்துக்கு எதிரான எதிர்ப்பொருளை உண்டாக்கியதை வெளியிட்டது. அந்த எதிர்ப்பொருள் மருந்தோடு நிற்கவில்லை; உடல் தானே சுரந்த எரித்ரோபாய்டினையும் அழித்தது. சிவப்பணு உற்பத்தி அறவே நின்றது. பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் தோலுக்கடியில் ஊசி பெற்ற சிறுநீரக நோயாளிகள். 1998இல் எப்ரெக்ஸ் என்னும் மருந்தின் கலவையில் மனித ஆல்புமினை நீக்கி வேறு பொருள் சேர்க்கப்பட்டதும், குளிர் குறையாமல் காக்கும் ஒழுங்கில் நேர்ந்த தளர்வும் ஐயத்துக்கு உள்ளாயின. அவ்வாண்டே சிறுநீரக நோயாளிகளுக்கு அந்த மருந்தைத் தோலுக்கடியில் செலுத்துவதை ஐரோப்பா தடுத்தது. அதாவது, வீட்டில் தானே போட்டுக்கொள்வதற்கு எளிதான அதே வழி.

இந்திய நிறுவனங்கள் இக்காலத்தில் களத்தில் இறங்கியிருந்தன. ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும் 2002இல் உள்நாட்டு இண்டர்பெரானையும் கொண்டுவந்தது. வொக்ஹார்ட் முதலிய நிறுவனங்கள் எரித்ரோபாய்டினைத் தயாரித்தன. விலை இறங்கியது. ஆயினும், மூன்று மருந்தையும் ஓராண்டு தொடர்வது நாட்கூலிக் குடும்பத்துக்கு எட்டாத செலவாகவே இருந்தது.

விலையைவிடப் பெரிய தடை வேறொன்று. இச்சிகிச்சையைத் தொடங்க, பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12ஆகவும் ஆணுக்கு 13ஆகவும் இருக்கவேண்டும் என்று ஆய்வுகளும் மருந்து விவரச் சீட்டும் வகுத்தன. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று (2019-21), 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இந்தியாவில் 57 விழுக்காட்டினருக்கும், தமிழ்நாட்டில் 53.4 விழுக்காட்டினருக்கும், கேரளத்தில் 36.3 விழுக்காட்டினருக்கும் சோகை இருப்பதாகக் கூறுகிறது. கருவுறாத பெண்ணுக்குச் சோகை என்றால் 12க்குக் கீழ். எனவே தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் சிகிச்சையின் வாசற்படியையே தாண்டமாட்டார்கள். வாசலில் கண்டிப்புக் காட்டாத மருத்துவர் பதினொன்றில் தொடங்கினார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கிராம் இறங்கினால் எட்டு. மருந்தை நிறுத்தவேண்டிய எல்லைக்கும் கீழே. பாஸ்டனில் பதினைந்தில் தொடங்கியவர் அதே மூன்று கிராமை இழந்து பன்னிரண்டில் நின்று, ‘களைப்பாக இருக்கிறது’ என்று சொல்லியிருப்பார். ஒரே மருந்து, ஒரே இழப்பு. ஒருவருக்குக் களைப்பு, மற்றவருக்குச் சிகிச்சை முடிவு.

அரிவாளணுச் சோகை உள்ளோருக்கும் தலசீமியா உள்ளோருக்கும் சீட்டு ஒரே சொல்லில் விடை தந்தது: ரிபாவிரின் கூடாது. மருத்துவ முறையில் அது சரியான விலக்கு. இருபது நாள்கூட வாழாத சிவப்பணுவை மேலும் உடைப்பது கொலைக்கு ஒப்பு. ஆனால், யார் விலக்கப்பட்டார்கள் என்பதைப் பாருங்கள். குருதி நோயால் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள். ஏற்றிய இரத்தத்தால் வைரஸைப் பெறும் வாய்ப்பு மற்றவரைவிட மிகுதியாக இருந்தவர்கள். மருத்துவமனை தந்த நோய்க்கு மருத்துவமனையில் மருந்து இல்லை என்று சொல்லப்பட்டவர்கள் அவர்களே. சில நாடுகளில் தலசீமியா நோயாளிகளுக்குத் துணிந்து ரிபாவிரின் கொடுத்தபோது, குணமானோர் இருந்தனர். கூடவே ஏற்றவேண்டிய இரத்தத்தின் அளவும் கூடியது. வைரஸ் வந்த வழியே மருந்தின் விலையும் ஆயிற்று.

இவ்வளவு இடர்ப்பட்டுப் போட்ட எரித்ரோபாய்டின் ஊசியால் குணமானோர் தொகை கூடியதா? 2007இல் அமெரிக்கா எரித்ரோபாய்டினுக்குக் கடும் எச்சரிக்கைக் கட்டம் இட்டது. ஹீமோகுளோபினை மிகையாக உயர்த்தினால் மாரடைப்பும் பக்கவாதமும் இரத்தக் கட்டும் நேரலாம் என்றது. 2010இல் ஐடிபிஏ என்னும் மரபணுவில் குறிப்பிட்ட மாறுபாடு உடையவர்களுக்கு ரிபாவிரினால் சோகை வருவதில்லை என்று கண்டறியப்பட்டது. சிலருடைய பொறுமை மனவுறுதியால் வந்ததன்று, பிறப்பால் வந்தது. 2011இல் வந்த டெலாபிரெவிர், போசெபிரெவிர் மாத்திரைகள் சோகையை இன்னும் கடுமையாக்கின. 2013இல் ஃபிரெட் பூர்தாதின் குழு, போசெபிரெவிர் சிகிச்சையில் சோகை கண்ட 500 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு எரித்ரோபாய்டின் கொடுத்தது. மறுபிரிவுக்கு ரிபாவிரின் அளவை மட்டும் குறைத்தது. இரு பிரிவிலும் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் குணமாயினர். குறைந்தது அந்தச் சிகிச்சையில், மாத்திரையைக் குறைத்திருந்தாலே போதும்; ஊசி மிகைச்சுமை. ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே இந்த எளிய ஒப்பீட்டைச் செய்திருக்கலாம். செய்யத் தூண்டும் ஆர்வம் எந்த மருந்து நிறுவனத்துக்கும் இருந்திருக்க நியாயமில்லை.

2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் ஒப்புதல் பெற்றது. ஊசி இல்லை; பின்னர் வந்த கூட்டு மாத்திரைகளில் பெரும்பாலோருக்கு ரிபாவிரினும் இல்லை. பன்னிரண்டு வாரத்துக்கு அமெரிக்காவில் அதன் விலை 84,000 டாலர். 2014 செப்டம்பரில் கிலியட் நிறுவனம் ஏழு இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் அளித்தது. 2015 ஜனவரியில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அதன் முதன்மை விண்ணப்பத்தை மறுத்தது. 2016 மே மாதம் முடிவு மாறிக் காப்புரிமை வழங்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நாட்கோ நிறுவனம் 28 மாத்திரை கொண்ட குப்பியை 19,900 ரூபாய்க்கு வெளியிட்டது. போட்டி வளர்ந்து விலை மேலும் சரிந்தது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் மாத்திரை இலவசமாயிற்று. அரிவாளணு நோயாளிக்கும் தலசீமியா நோயாளிக்கும் சிகிச்சையின் கதவு திறந்தது அப்போதுதான். எரித்ரோபாய்டின் அவர்களைக் காக்கவில்லை. எரித்ரோபாய்டின் தேவைப்படாத சிகிச்சைதான் காத்தது.

ரிபாவிரின் முற்றிலும் மறைந்துவிடவில்லை. கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்த நிலையை அடைந்தோருக்குத் தேசியத் திட்டம் இன்றும் சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் மாத்திரைகளுடன் ரிபாவிரினைச் சேர்த்தே வழங்குகிறது. நோய் முற்றிய பின் வருவோர் யார் என்பதை மலையோரத்தில் எவரும் சொல்வர்: தொலைவிலிருப்போர், கூலியை இழக்க முடியாதோர், முதலில் நாட்டு மருந்தும் பின்னர் நகர மருத்துவமனையும் எனக் காலத்தைத் தொலைத்தோர். அவர்களின் ஹீமோகுளோபின் சிகிச்சைக்கு முன்பே தாழ்ந்திருக்கும். அவர்களுக்கு அந்தப் பழைய கணக்கு, பதினொன்றிலிருந்து மூன்றைக் கழிக்கும் கணக்கு, இன்னும் நடப்பில் இருக்கிறது.

2013இல் அட்டப்பாடியில் பழங்குடிக் குழந்தைகள் தொடர்ந்து இறந்தபோது, தாய்மாரின் சோகையும் ஊட்டக்குறைவும் முதன்முறையாக நாடறிந்த செய்தியாயின. அட்டப்பாடிக்கு வடகிழக்கே குன்னூரில் இருந்த பாஸ்டர் நிறுவனத்தில் 1929இல் சில காலம் பணியாற்றிய லூசி வில்ஸ், பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களின் சோகைக்குக் காரணம் உணவில் உள்ள குறை என்று கண்டு, ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தே அதைத் தீர்த்திருந்தார். அந்தக் குறைக்குரிய ஃபோலிக் அமிலத்தைச் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவின் குழு 1945இல் அமெரிக்காவில் தொகுத்தது. அட்டப்பாடியின் செய்தி வெளிவந்த 2013ஆம் ஆண்டில் அந்த மாத்திரையின் வயது 68.